டீசல் தின்னும் கூட்டம்

"கோடிக்கணக்குல கொன்னுட்டியே புள்ள!"

துறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது, முன் சீட்டு விவசாயி தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார். அவர் மடியில், சோதனைக்குக் கொண்டுபோகும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர். அப்போதுதான் அதைத் திறந்து மோந்து பார்த்திருந்தார். நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"டீசல் வாடை சீக்கிரம் போகட்டுமேன்னு பிளீச்சிங் பவுடர் போட்டேங்க. கிணத்துக்கு எப்பவும் போடறதுதானே?"

"பக்கத்து பங்க்குல கசிஞ்ச டீசலைத் திங்கத்தானே காலேஜ் மேடம் அந்த நுண்ணுயிரை விடச் சொன்னாங்க? அதுக்கே மருந்து வெச்சுட்டியே! வாடை குறைஞ்சுக்கிட்டுதானே வந்துச்சு? இந்தத் தை மாசமாவது வயலுக்குத் தண்ணி பாய்ச்சலாம்னு இருந்தேன்."

"திட்டினது போதும். மேடத்துக்குப் போன் போடுங்க, நானே சொல்றேன்."

போட்டுக் கொடுத்தார், ஸ்பீக்கரில்.

"மேடம், உங்க பூச்சியை எல்லாம் நான்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொன்னுட்டேன்."

எவ்வளவு பவுடர் போட்டார் என்று மேடம் விசாரித்துக்கொண்டார். பிறகு, "மண்ணுக்குள்ள இருக்கறது கொஞ்சம் தப்பிச்சிருக்கும்மா. பவுடர் வாடை அடங்கினதும் மறுபடி விடலாம். உங்க வீட்டு டிரம்ல வளர்த்தோமே, அது இருக்கா?"

"இருக்குங்க மேடம். நாத்தம் தாங்கல, அதையும் பவுடர் போட்டுக் கழுவத்தான் இருந்தேன். பவுடர் தீந்துடுச்சு, நேத்தே வாங்கியாரச் சொன்னேன், இந்த மனுஷன் மறந்துட்டாரு."