தண்ணி இல்லாத ஐஸ்

கடுங்காப்பியில் குச்சி ஐஸ் செய்வதாக இருந்தால், சூடு ஆறுவதற்குள் சர்க்கரையைப் போட்டுவிட வேண்டும், ஐயா. ஆறிய பிறகு போட்டால் அடியில் தங்கிவிடும். முதல் கடி கசக்கும், கடைசிக் கடி திகட்டும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், சும்மா சொன்னேன்.

எனக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலை. ஞாயிறு பிற்பகல் மட்டும் கருவிப் பையைத் தொடமாட்டேன். நண்பர்கள் மூன்று பேர் என் மொட்டைமாடிக்கு வந்துவிடுவார்கள்: டெய்லர், கேஷியர், வாத்தியார். தர்பூசணிச் சாற்றில் வோட்கா, அன்னாசியில் ரம், எலுமிச்சையில் ஜின் என்று விதவிதமாகக் குச்சி ஐஸ் உறையவைத்திருப்பேன். சரக்கைக் கூட்டினால் ஐஸ் உறையாது, கூழாக நிற்கும். மற்றவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. கடையிலிருந்து கழித்துவிட்ட பழைய ஃப்ரீசர் ஒன்றைக் கொண்டுவந்து, எந்த வீட்டிலும் வராத குளிரை அதில் வரவழைத்திருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான்.

எங்கள் கூட்டத்துக்கு உயிரே டெய்லர்தான். கழுத்தில் டேப்போடு வருவான். இரண்டு குச்சி உள்ளே போனதும், அளவு கொடுக்க வருகிறவர்கள் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கி நிற்பதை நடித்துக் காட்டுவான். வயிறு புண்ணாகச் சிரிப்போம். அப்புறம் அவனுக்கு ஈரல் கெட்டது. இனி ஒரு சொட்டு பட்டாலும் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனும் விட்டுவிட்டான். பதினாலு மாதம். மாடிக்கு வருவான், எலுமிச்சைச் சாற்றை வைத்துக்கொண்டு மூலையில் உட்காருவான், ஐந்து மணிக்கெல்லாம் எழுந்துவிடுவான். அவனைப் பார்த்துக் கேஷியரும் குறைத்துக்கொண்டான். வாத்தியார் வருவதையே நிறுத்திவிட்டார். நான் தனிக்கட்டை, ஐயா. ஞாயிறும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்?

அதனால் அவனுக்கென்று தனியாக, நீலக் குச்சி போட்டுக் காபி ஐஸ் செய்தேன். முதல் வாரம் ஒரு ஸ்பூன் ரம். நாக்கு மரத்துப்போகிற குளிரில், காபிக் கசப்பில், ஒன்றும் தெரியாது. அன்று அவன் மனைவியும் வந்திருந்தாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, இதுல தண்ணி கிண்ணி கலக்கலையே?"

"தண்ணி இல்லாம ஐஸ் எப்படிம்மா உறையும்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டெய்லருக்குத்தான் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

வாரம் ஒரு ஸ்பூன் கூட்டினேன். ஐந்தாவது ஞாயிறு அவன் தானாக எழுந்து நின்று வயிற்றை எக்கிக் காட்டினான். கேஷியர் தரையில் உருண்டான். செய்தி போய், அடுத்த வாரம் வாத்தியாரும் வந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவன் வார நாட்களிலும் வர ஆரம்பித்தான். "மச்சான், சின்னப் பிள்ளை மாதிரி ஒரு ஐஸுக்கு மனசு இப்படி அலையுதே," என்று வெட்கப்படுவான். நின்றபடியே இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போவான்.

நாலாவது மாதம் கண் மஞ்சளானது. டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி குடிக்கிறாரா என்று கேட்டார். அவன் தன் கத்தரிக்கோலைத் தொட்டுச் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. அலமாரி, தையல் மெஷினுக்கு அடியில், துணி மூட்டை என்று பாட்டிலைத் தேடினாள். கிடைக்காததால் கோபம் இன்னும் ஏறியது. அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது சொல்லேன் மச்சான், நான் தொடவே இல்லன்னு," என்றான்.

சொன்னேன். "என் கண்ணெதிர அவன் ஒரு கிளாஸ்கூடத் தொடல, தங்கச்சி." அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் உயிர் போகும்வரை பேசவில்லை. எனக்கு அதுதான் ஆற்றமாட்டாத வருத்தம். கட்டினவன் சொல்வதைக் கட்டினவள் நம்ப வேண்டாமா?

நான் செய்த தவறு ஒன்றுதான். அவன் வீட்டில் படுத்துக் கிடந்தபோது, ஆசையாகக் கேட்கிறானே என்று ஒரு டப்பா ஐஸ் கொடுத்தனுப்பினேன். எல்லாம் முடிந்த மறுவாரம் அவள் போன் செய்தாள். "அண்ணா, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் போலிருக்கு. வந்து பாருங்க."

போனேன். ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. பக்கத்தில் என் டப்பாவில் நீலக் குச்சிகள் கூழில் சாய்ந்து கிடந்தன.

"தண்ணி உறைஞ்சிருக்கு. உங்க ஐஸ் மட்டும் ஏண்ணா உறையல?"

தொழில் தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வி. ஃப்ரிட்ஜில் கோளாறில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவள் ஒரு குச்சியை எடுத்து முகர்ந்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. "அவரு சத்தியம் பண்ணாரே, சத்தியம் பண்ணாரே," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டாள்.

ஆமாம் ஐயா, கலந்தது நான்தான். கடைசியில் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் அவன் செத்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். தண்ணி இருக்கிறது என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள்தான் சிரித்துவிட்டாள்.