எண்ணெய் படக் கூடாத இடம்

மட்டைக்கு எண்ணெய் பூசும்போது, கைப்பிடி பலகைக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. மட்டை வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பளபளவென்று இருக்கட்டும் என்று தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளிப்பாட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் பலகையை ஆப்பு வடிவத்தில் வெட்டி, பிரம்புக் கைப்பிடியைச் செருகி, பசை போட்டு ஒட்டியிருப்போம். எண்ணெய் இறங்கினால் நாளடைவில் பசை விட்டுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் நிதானமாக எழுதுங்கள் சார், எனக்கு அவசரம் இல்லை.

விளையாட்டுச் சாமான் கடையின் பின்கட்டில் முப்பத்தொரு வருஷமாக கிரிக்கெட் மட்டை செய்கிறேன். இழைப்பது, அழுத்துவது, மரச்சுத்தியால் மணிக்கணக்கில் தட்டிப் பதப்படுத்துவது எல்லாம் என் கைதான். மேலே ஒட்டும் ஸ்டிக்கர் மட்டும் கம்பெனியிலிருந்து வரும். ஒரே மரத்தில் ஒரே நாளில் செய்த இரண்டு மட்டைகளில் ஒன்றுக்குப் பெரிய கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டினால், "அடேங்கப்பா, என்னா பேலன்ஸ்" என்று தூக்கிப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். இன்னொன்றைச் சீந்த மாட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். ஸ்டிக்கருக்குக் கீழே இருப்பது யார் வேலை என்று எனக்குத் தெரியுமே.

அடிபட்டவன் என் மனைவியின் தம்பி. பதினொரு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவள் அவனைத்தான் வளர்த்தாள். அவன் பிடித்த முதல் மட்டையிலிருந்து எல்லாமே நான் செய்தவை. அவன் உயரம் கூடக்கூடக் கைப்பிடியின் நீளத்தைக் கூட்டினேன். கீழ்க்கையை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் அவனுக்கு, அதனால் அந்த இடத்தில் மட்டும் நூலை ஒரு சுற்று குறைப்பேன். இதை அவனிடம் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

போன வருஷம் அவன் பெயர் பெரிய அணிக்கு அடிபட ஆரம்பித்தது. யாரோ பேட்டி எடுத்து வீடியோ போட்டார்கள். எந்தக் கம்பெனி மட்டை என்று கேட்டதற்கு அவன் சிரித்துக்கொண்டே, "பேட்ல என்னங்க இருக்கு? எல்லாம் மரக்கட்டைதான். கைல இருக்கணும். ஒரு விறகுக் கட்டையக் குடுங்க, அதுலயும் அடிக்கிறேன்" என்றான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

என் மனைவி அதை வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டினாள். "பாத்தீங்களா, எவ்ளோ தைரியமா பேசுறான்" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் வயிறு எரிந்தது சார். அதை மறைக்கப் போவதில்லை.

அவன் சொன்னது சரியா என்று பார்க்கலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான், வேறு எண்ணம் கிடையாது. கழித்துப் போட்டிருந்த பலகை ஒன்றை எடுத்தேன். முடிச்சு விழுந்த மரம், உயிரே இல்லாதது. அதில் மட்டை செய்து, இருப்பதிலேயே உசத்தியான ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தேன். எழுபத்துநாலு ஓட்டம் எடுத்தான்.

"பேட் எப்பிடி மச்சான்?"

"சூப்பர் மாமா."

அடுத்தது அளவுக்கு மீறி அழுத்திய மட்டை, கல்லு மாதிரி. அதில் பந்து பட்டால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு எடுத்தான். மூன்றாவதில் முதுகுப் பக்கத்தைச் சீவி, அப்பளம் போல் ஆக்கிக் கொடுத்தேன். அதிலும் ஐம்பதைத் தாண்டிவிட்டு வந்து, "உங்க கை ராசியான கை மாமா" என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னான். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. முப்பத்தொரு வருஷமாக எந்தப் பலகையில் உயிர் இருக்கிறது என்று காதருகே வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறேன். நல்லதும் கெட்டதும் அவனுக்கு ஒன்றுதான் என்றால், நான் இவ்வளவு நாள் அந்த அறையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன்? நீங்களே சொல்லுங்கள்.

தேர்வுப் போட்டிக்கு இருபது நாள் இருந்தது. என் வாழ்நாளிலேயே நல்ல மட்டையை அதற்காகச் செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மரத்தின் வரி பன்னிரண்டு கோடாக நேரே ஓடும் பலகை அது. வீட்டுக்கு எடுத்துப்போய், தினமும் காலையில் ஜன்னலடியில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்வேன். மட்டையின் கழுத்தில் சுற்றியிருக்கும் நூலை அவிழ்த்து, சேருமிடத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ஊறும்வரை காத்திருந்து திரும்பவும் சுற்றுவேன். பதினெட்டுக் காலை. என் மனைவி டீ கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். "தம்பிக்காக எவ்ளோ பாடுபடுறீங்க" என்று ஒருநாள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கைப்பிடி உடைந்து, ஊர் பார்க்க அவன் ஒரு கணம் முழிக்க வேண்டும். நான் நினைத்தது அதுதான்.

போட்டியன்று காலையில் செருப்பு மாட்டும்போது மட்டையைத் தரையில் இரண்டு தட்டு தட்டினான். நின்றான். "மாமா, லேசா ஆடுற மாதிரி இருக்கே?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். மூன்று மட்டையில் தெரியாதது இதில் தெரிந்துவிட்டது, அவன் கை என் வேலையை உணர்ந்துவிட்டது. ஆனால் உணர்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. "புதுசு அப்பிடித்தான் இருக்கும் மச்சான்" என்றேன். நீங்க சொன்னா சரி என்று பையில் வைத்துக்கொண்டான்.

முப்பத்தொரு ஓட்டத்தில் இருந்தான். வேகமான பந்து, தரையில் குத்தி முகத்துக்கு எழும்பியது. அவனுக்குப் பிடித்த அடி. சுழற்றினான். கைப்பிடி கையில் நின்றது, பலகை கழன்று திரும்பிக்கொண்டது. பந்து அதன் விளிம்பில் பட்டு மேலே ஏறி, ஹெல்மெட்டின் கம்பிக்கும் முன்விளிம்புக்கும் நடுவில் புகுந்தது. அவன் முழங்காலில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்தான்.

நான் ஓடினேன். அவனிடம்தான் ஓடுகிறேன் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். நான் போய்ப் பலகையை எடுத்துச் சேருமிடத்தைப் பார்த்தேன். எண்ணெய் அடிவரை நன்றாக இறங்கியிருந்தது. "யோவ், ஆளப் பாருய்யா, கட்டைய எதுக்குய்யா எடுக்குற" என்று அவனுடைய கோச் கத்தினார். அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினேன்.

வலது கண் போய்விட்டது. இனி ஆட முடியாது என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நடிப்பில்லை.

மனசாட்சி உறுத்தித்தான் ஆறு வாரம் கழித்து நானாக ஸ்டேஷனுக்கு வந்தேனா என்று கேட்கிறீர்கள். உங்கள் இஷ்டம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. உடைந்த மட்டையை நான் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நண்பர்கள் பார்க்க வந்தார்கள். பேட் சரியில்லையோ என்று ஒருவன் இழுத்தான். கட்டுப் போட்ட கண்ணோடு இவன் அவனை மடக்கினான். "பேட் என்னடா பண்ணும் பாவம்? பேட்ல ஒண்ணும் இல்ல. நான்தான் லேட்டா ஆடிட்டேன். என் கை வரல."

என் மேல் பழி வரக் கூடாது என்று அப்படிச் சொல்கிறான் என்கிறாள் என் மனைவி. இல்லை சார். அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறான். ஒரு கண்ணைக் கொடுத்த பிறகும் நம்புகிறான்.

ஆகவே நான்தான் செய்தேன். வேண்டுமென்று, தெரிந்து, பதினெட்டு நாள் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். எழுதி முடித்ததும் இதை அவனுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். மன்னிக்க வேண்டாம். மட்டையால்தான் என்று அவன் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும்.