இன்ஸ்பெக்டர் கஜந்தியிடம் நான் அகப்பட்ட கதை

பேச்சாளர்கள் பேச்சை நீட்டுவார்களோ என்ற அச்சத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்திருக்கும் அவைத்தலைவர் சிவசங்கரன் ஐயா அவர்களே! கடையில் ஒரு கண்ணும் கதையில் மறு கண்ணுமாக நமக்கு நாடகம் எழுதித் தரும் காயல்பட்டினத்துக் கலைமணி, அவர் ஊர் வழக்கப்படி அண்ணனைக் காக்கா என்று நாம் அழைக்கும் முகம்மது சித்தீக் காக்கா அவர்களே! துபாயில் டியூட்டி முடித்து, நெரிசலில் நெளிந்து, அஜ்மான் வந்து சேர்ந்தும் அறைக்குப் போகாமல் அரங்கத்துக்கு வந்திருக்கும் ஆருயிர் அன்பர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மார்க்கண்டுவின் மனம் நிறைந்த வணக்கம்.

'வானொலிப் புகழ் மார்க்கண்டு' என்று சொல்லி என்னை மேடைக்கு அழைத்தார்கள். நீங்களும் கை தட்டிவிட்டீர்கள். தட்டிய கையைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே கேட்டுத்தான் தீர வேண்டும். நான் படித்தவனா? ஓ.எல். பரீட்சையில் எல்லாப் பாடமும் என்னைக் கைவிட, தமிழ் மட்டும் இரக்கப்பட்டுக் கைப்பிடித்தது. நான் நடிகனா? பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறவன். எனக்குக் கிடைத்த வேடமோ திருடன்!

"ஏன் காக்கா, எனக்கொரு பொலிஸ் வேசம் தரக்கூடாதோ?" என்று கேட்டேன். சித்தீக் காக்கா என்ன சொன்னார் தெரியுமா? "மார்க்கண்டு, ஒங்க கொரல்ல போலீஸ் பேசினா, கேக்குற சனம் அந்தப் போலீசைத்தான் புடிச்சு உள்ள போடச் சொல்லும்!"

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

அன்பர்களே! வானொலித் துப்பறியும் நாடகம் என்றால் என்ன? அங்கே முகமில்லை, ஒப்பனையில்லை, ஓடுகின்ற காரில்லை. ஓசை ஒன்றே உண்டு! கதவு கிறீச்சிட்டால் கள்வன் வந்தான். தட்டில் அரிசி விழுந்தால் வானில் மழை வந்தது. நம் குழுவின் ஆசிக் தம்பி வாயைக் குவித்து ஊளையிட்டால் காவல் வண்டி வந்தது! அந்தக் காலத்து நாடகங்களின் அதே பாணியில், பூட்டை உடைத்துப் புகும் பொல்லாதவர்களை ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு சார்ஜன்ட்டும் துரத்தித் துரத்திப் பிடிக்கும் நாடகம் நம்முடையது. வேலை முடிந்து வீதியில் வண்டியோடு வண்டியாக நின்றுகொண்டிருக்கும் நம்மவர்கள் காதில் மாட்டிக் கேட்கிறார்கள். இதை எங்கே நடிக்கிறோம்? இணைய வானொலி நிலையத்தின் ஓர் அறையில். ஏசி ஓடினால் அதன் இரைச்சலை மைக் பிடித்துவிடும் என்று, இந்த ஊர் வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு நடிக்கிறோம்! துரத்துகிறவருக்கும் வியர்வை, ஓடுகிறவனுக்கும் வியர்வை!

போன மாதம் நிலையத்தின் பொறுப்பாளர் ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த நாடகம் நேரலை. நன்றாகப் போனால் வியாழன் மாலை நமக்கு. தடுமாறினால், கலாஸ், எல்லாம் முடிந்தது! அந்த நேரம் முழுக்கச் சினிமாப் பாட்டு.

அந்த வாரம் பார்த்து, இன்ஸ்பெக்டராக நடிக்கும் பிருந்தா தங்கச்சி லீவில் ஊருக்குப் போய்விட்டார். யாரைப் போடுவது? காக்கா யோசித்தார். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் என் பின்னால் கேட்கும் ஓர் அதட்டல் குரல் அவருக்கு நினைவு வந்தது. என் மகள் கஜந்தி!

எனக்குப் பகீர் என்றது. ஏன்? பேச்சுப் பழகும் வயதில் இங்கு வந்த பிள்ளை. "சாப்பிட்டியோ பிள்ளை?" என்றால், "ஆல்ரெடி ஏட், அப்பா" என்பாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள் என்பதால், அவளுடைய வசனம் முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஒத்திகையில் வெளுத்து வாங்கினாள். ஆனால் அன்று மாலை காரில் என்னிடம் சொன்னாள்: "அப்பா, பேப்பர்ல இருக்கிறதை மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் பேப்பரை விட்டு வெளிய போனா எனக்குத் தமிழ் வராது. ஐ ஆம் ஃபினிஷ்ட். எல்லாரும் சிரிப்பினம்."

"நான் ஏன் பிள்ளை வெளிய போறன்?" என்றேன். வராத தமிழையும் தூக்கிக்கொண்டு நடிக்க வருகிறாளே, அவளைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு அன்றைக்கு ஒரே கவலை.

கதை இதுதான். நகை திருடிய கள்வன் அதே வீட்டுக்கு மறுபடியும் வருகிறான். அவன் நடக்கும்போது காலில் போட்ட சப்பாத்து கிறீச் கிறீச் என்று கத்தும். ஒளிந்திருக்கும் இன்ஸ்பெக்டர் அந்தச் சத்தத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுபிடிப்பார். அந்தச் சப்பாத்து வேறு யாருடையதுமல்ல, என் டியூட்டிச் சப்பாத்துத்தான்! அது கத்துவதைக் கேட்டுத்தான் காக்காவுக்குக் கதையே உதித்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் மைக்குக்கு முன்னால் ஒரு பலகையில் நடக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை!

நேரம் வந்தது. ஏசி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பொறுப்பாளர், பாட்டுப் போடும் பொத்தானில் விரலை வைத்தபடி. கஜந்தி கம்பீரமாகச் சொன்னாள்: "உஷ்! சார்ஜன்ட், அதோ அந்தச் சப்பாத்துச் சத்தம்! கேட்கிறதா?"

நான் பலகையில் நடந்தேன்.

சத்தம் இல்லை.

குனிந்து பார்த்தேன். வெறுங்கால்! அன்பர்களே, நாம் எந்த வாசலில் சப்பாத்தோடு நுழைந்திருக்கிறோம்? கம்பளம் விரித்த அறை, வாசலில் நாலைந்து சோடி வரிசையாக. பார்த்ததும் என் கால் தானாகக் கழற்றிவிட்டது! உலகத்தில் வேறெந்தத் திருடனாவது செய்வானா இந்த வேலை?

பதற்றத்தில் வாயாலேயே "கிறீச்" என்றேன். அது சப்பாத்துப் போலவா கேட்டது? சார்ஜன்ட்டாக நின்ற ஆசிக் தம்பி வாய் தவறி, "எலி போல இருக்கு, இன்ஸ்பெக்டர்!" என்றுவிட்டார். பொறுப்பாளரின் விரல் அசைந்தது. காக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் மகளைப் பார்த்தேன். பேப்பரில் அடுத்த வரி, 'இந்தச் சத்தத்தை நான் அறிவேன்.' எந்தச் சத்தத்தை?

கஜந்தி பேப்பரைக் கீழே போட்டாள்.

"இல்லை சார்ஜன்ட். சத்தம் கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை? உள்ள வந்தவன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்திருக்கிறான்! களவெடுக்கப் போற வீட்டில ஆரும் சப்பாத்துக் கழட்டுவினமோ? வந்து போய்ப் பழகின வீடெண்டால்தான் கழட்டுவினம். இவன் கள்ளன் மட்டுமில்லை, இந்த வீட்டில சாப்பிட்ட ஆள்! ஓடிப்போய் வாசலைப் பாருங்கோ!"

ஆசிக் உண்மையாகவே ஓடினார். என் சப்பாத்தோடு வந்து பலகையில் அழுத்தினார். கிறீச்! "இன்ஸ்பெக்டரம்மா, ஆள் ஆப்டுட்டான்! பெருவிரல் பக்கம் கிழிஞ்சுல்ல கெடக்கு!" வளைகுடா முழுவதும் என் சப்பாத்தின் நிலைமை ஒலிபரப்பானது.

நான் வசனத்தை மறந்து, நடிப்பை மறந்து, உள்ளதைக் கேட்டேன்: "எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிச்சனி?"

ஒரு கணம்கூட அவள் தயங்கவில்லை. "கடமையில இருக்கிற இன்ஸ்பெக்டரைப் பிள்ளையெண்டு கூப்பிடக் கூடாது. ரெண்டு கையையும் நீட்டுங்கோ!"

நீட்டினேன். பொறுப்பாளர் விரலை எடுத்துவிட்டு இரு கையாலும் தட்டினார். வியாழன் மாலை நமக்கே!

என்ன தம்பி, பின்வரிசையில்? "அண்ணை, புதுச் சப்பாத்து வாங்கியாச்சோ?" என்கிறீர்களா? சங்கம் நிதி திரட்டினால் மறுக்கமாட்டேன்.

விளையாட்டு இருக்கட்டும். அவையோரே, ஒன்றைக் கேட்கிறேன். அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? யார் எழுதிக் கொடுத்தார்கள்? 'என் பிள்ளைக்குத் தமிழ் வராது' என்று நாம்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம்? அவள் வாய் திறக்கும் முன்பே வாய்விட்டுச் சிரித்தது யார்? வார்த்தை தடக்கினால் உடனே திருத்தியது யார்? நாம்! அன்றைக்கு அவளைத் திருத்த நேரமில்லை, சிரிக்க ஆளில்லை. கண் முன்னால் கள்ளன் தப்பப் பார்க்கிறான். பிடிக்க வேண்டும் என்ற வேகம் வந்தது, வேகத்தோடு வார்த்தை வந்தது, வார்த்தையோடு வீட்டில் அவள் தாய் சுகந்தா என்னை ஏசுகின்ற அதே தமிழ் அலை அலையாய் வந்தது!

ஆகவே பெற்றோரே, பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று வருந்தாதீர்கள். பிடிப்பதற்கு ஒரு திருடனைக் கொடுங்கள்! தமிழில் கேட்க ஒரு கேள்வியைக் கொடுங்கள், தமிழில் வெல்ல ஒரு வழக்கைக் கொடுங்கள்! அடுத்த நாடகத்துக்கு ஆள் சேர்க்கிறோம். துரத்தப் பிள்ளைகள் வேண்டும், துரத்தப்பட அப்பாமார் வேண்டும். அகப்படுவதில் அவமானம் இல்லை ஐயா! நான் அகப்பட்டேன், அன்றுபோல் என்றும் நான் மகிழ்ந்ததில்லை!

வாய்ப்பளித்த சங்கத்துக்கும், பொறுத்திருந்த தலைவருக்கும், சிரித்துச் சிரித்து என்னைக் காப்பாற்றிய உங்களுக்கும் என் நன்றி. இன்னும் கொஞ்சம் பேச ஆசைதான். ஆனால் அதோ, மூன்றாம் வரிசையில் எழுந்து நின்று, "அப்பா, காணும், கதைச்சது போதும், இறங்கி வாங்கோ" என்கிறாள் என் மகள். கேட்டீர்களா? தமிழில் சொல்கிறாள். இறங்குகிறேன். வணக்கம்!