எட்டுக் கிலோமீட்டர் கான்

நிரோஷன்: ...நாலு தட்டு, கலா! ஒண்ணு மேல இருந்தாலே பயம். ஜப்பான் நாலு தட்டு மேல குந்தியிருக்கு.

விஜயகலா: சோத்துத் தட்டாங்க?

நிரோஷன்: நக்கலா? பூமித் தட்டு. ஒண்ணு இன்னொண்ணுக்குக் கீழ நுழையுது. நுழையிற எடத்துல, கடலுக்கு அடியில, ஒரு கான். எட்டுக் கிலோமீட்டர் ஆழம்!

விஜயகலா: அம்மாடி! எந்தக் கங்காணி வெட்ட வச்சான்?

நிரோஷன்: பதினாலு வருஷமா தேயிலையில தண்ணி ஓட கான் வெட்டுறவன் சொல்றேன், கேளு. முழங்கால் ஆழம் வெட்டவே எனக்கு இடுப்பு கழண்டுருது. நம்ம தோட்டத்துல இருந்து புளத்கொகுபிட்டிய டவுனுக்குப் போற தூரம் இருக்கே... அத அப்படியே கீழ பார்த்து நிறுத்து.

விஜயகலா: நிறுத்திட்டேன். அந்த நீலச் சேலைய எடுங்க, பேக்குல வைக்கணும்.

நிரோஷன்: வைக்காத. நாளைக்கு ஜப்பான் விசாவுக்குப் போகாத. கிழவங்களப் பார்த்துக்குற வேல இங்க இல்லயா? எங்கப்பாவப் பாரு.

விஜயகலா: உங்கப்பா சம்பளம் குடுப்பாரா?

நிரோஷன்: அங்க தரையில மட்டும் ரெண்டாயிரம் வெடிப்பு, கலா. எல்லாம் உசுரோட இருக்குற வெடிப்பு. எது எப்ப அசையும்னு யாருக்கும்...

விஜயகலா: நம்ம லயத்து வீடுங்களுக்குப் பின்னால ஒண்ணு இருக்கே, அது செத்துப்போச்சா?

நிரோஷன்: அது... சின்னது.

விஜயகலா: மண் சரியும், எழும்பிப் போங்கன்னு ஆபீசருங்க பேப்பர் ஒட்டி மூணு வருஷம். நீங்க அந்தப் பேப்பர் மேலயே கேலண்டர் மாட்டி வச்சிருக்கீங்க.

நிரோஷன்: ஆணி அங்கதானே இருந்துச்சு!

விஜயகலா: அங்க ஆடுறதுக்கு முன்னாலயே போன் கத்துமாம். இங்க மழ பேஞ்சா யாரு கத்துறா?

நிரோஷன்: உங்கம்மா.

விஜயகலா: பேக்காலயே அடிப்பேன்.

நிரோஷன்: சரி, சரி... யோசிச்சுப் பாரு. ஒரு கிழவனுக்கு சோறு ஊட்டிக்கிட்டு இருக்க. கட்டில் ஆடுது. எல்லாரும் ‘ஜிஷின் தெஸ்’னு கத்துறாங்க. என்ன செய்வ?

விஜயகலா: என்னன்னு கத்துறாங்க?

நிரோஷன்: ஜிஷின் தெஸ்... பூமி ஆடுதுன்னு.

விஜயகலா: அத யாரு உங்களுக்குச் சொல்லித் தந்தா?

நிரோஷன்: யூடியூப்.

விஜயகலா: உங்க போன்ல டார்ச் மட்டுந்தானே வேல செய்யுது?

நிரோஷன்: கடையில... ஜவ்பர் நானா போன்ல.

விஜயகலா: ஓ. அப்ப வியாழக்கிழம வியாழக்கிழம வரக்காப்பொலைக்கு எதுக்குப் போனீங்க?

நிரோஷன்: சொன்னேனே, பல்லு வலி.

விஜயகலா: ஆறு மாசமா ஒரே பல்லா?

நிரோஷன்: கடவாப்பல்லு.

விஜயகலா: அறிவாளி! அந்த டவுன்ல ஜப்பான் கிளாசே ஒண்ணுதான். நான் ஞாயிறு, நீங்க வியாழன். ‘ஒயாகே மஹத்தயா கோ?’ன்னு பாடம் நடத்துற சேர் என்கிட்ட கேக்குறாரு. பரீட்ச முடிஞ்சதும் புருஷனக் காணோமேன்னு.

நிரோஷன்: ...மார்க்கையும் சொன்னாரா?

விஜயகலா: அதத்தான் மொதல்ல சொன்னாரு.

நிரோஷன்: பெயில், கலா. நீ பாஸுன்னு லயமே வெடி கொளுத்துது. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? ரெண்டு பேருமா போகலாம்னுதான் கிளாசுக்கே போனேன். நீ இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது. அவ்வளவுதான். தட்டும் இல்ல, கானும் இல்ல.

விஜயகலா: அழுறீங்களா?

நிரோஷன்: அடுப்புப் புகை.

விஜயகலா: அடுப்பே இன்னும் பத்த வைக்கல.

நிரோஷன்: நீ போ. நான் தடுக்கல. ஆடிச்சின்னா ஓடிப்போய் மேசைக்கு அடியில பூந்துக்க. கிழவன அப்புறம் இழுத்துக்கலாம்.

விஜயகலா: ஏங்க... நாளைக்கு நான் விசாவுக்குப் போகல.

நிரோஷன்: அப்ப பேக்கு?

விஜயகலா: திரும்பப் பரீட்ச எழுத. நானும் பெயில்தாங்க. உங்கள விட ஏழு மார்க் கொறவு. பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள உங்கம்மா ‘பாஸா?’ன்னு கேட்டு வாயில சீனியப் போட்டுட்டாங்க, எப்படித் துப்புறது? உங்க பேரையும் சேர்த்துப் பதிஞ்சிட்டேன். விடிய அஞ்சரைக்கு பஸ்ஸு, சட்டைய எடுத்து வைங்க.