பன்னிரண்டாவது வெடி

"பன்னெண்டு வச்சான், பதினொண்ணுதான் வெடிச்சுதுக்கா. எங்க மாமனார் விடுவாரா?"

மாரிகுப்பத்தில் ரயில் ஏறிய பெண் இப்படிச் சொன்னதும், மூன்று மாதமாக முதல் அத்தியாயத்தைத் தாண்டாத என் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"யாரு, பக்கத்து வூட்டுக்காரனா?" என்றார் அருகிலிருந்த அக்கா.

"அவனேதான். திருட்டுத்தனமா நாட்டு வெடி செஞ்சி, தெனம் சாயங்காலம் தோட்டத்துல வெடிச்சிப் பாக்குறான். எங்கொழந்த அலறுது. சொன்னா கேக்கல."

"மாமனார் சண்டைக்குப் போனாரா?"

"இன்னா சண்டை! தங்க மைன்ல பாறைக்கு வெடி வச்ச மனுசன், வைக்கிறதையும் எண்ணுவாரு, வெடிக்கிற சத்தத்தையும் எண்ணுவாரு. 'ஒண்ணு வெடிக்கல, அரை மணி நேரம் யாரும் கிட்ட போகக்கூடாது'ன்னு விசில் ஊதி, எங்க துணிக்கொடிய அவுத்து அவன் தோட்டத்துக்குக் குறுக்கே கட்டிட்டாரு!"

"அவன்?"

"சிரிச்சிக்கினே கயித்துக்கு அடில குனிஞ்சி உள்ள போனான். மாமனார் அவன் சட்டைய புடிச்சி இழுத்தாரு. அப்பதான் வெடிச்சுது பாரு! தண்ணி டிரம்மே ரெண்டா பொளந்துச்சி!"

"ஐயோ! அப்புறம்?"

"'பன்னெண்டு'ன்னாரு. விசில் ஊதி, 'இப்ப போலாம்'னாரு. மிச்ச வெடிய அவனே பக்கெட் தண்ணில போட்டுட்டான்."

"அப்பாடா, வுட்டுச்சி தொல்லை."

"எங்கக்கா! காலைல மாமனார் விசில கழுத்துல மாட்டிக்கினு வேலியாண்ட ஆசையா நின்னு, 'இன்னிக்கு எத்தனை மணிக்குப்பா வைக்கிற?'ன்றாரு!"