விமலா நிற்க மறுத்த பெரட்டு

மண்டபம் நிறைந்த மக்களே, என் மனம் நிறைந்த வணக்கம்!

தோட்டம் போனாலும் தோரணை போகாத தலைவர், அன்று ரப்பர்த் தோட்டத்தில் ஆள் மேய்த்த மண்டோர், இன்று கோவில் தலைவர், என்றும் நமக்கு மண்டோர் அண்ணன், தர்மராஜ் அவர்களே! முன்வரிசையில் முறுக்கோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் மூத்தோர்களே! செனாவாங்கில் இரவு ஷிப்ட் முடித்து, உறக்கத்தை ஒத்திப்போட்டு வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே! பகாவிலிருந்து பஸ் பிடித்து வந்த பாசமிகு பங்காளிகளே! சாம்பாருக்கு ஒரு கண்ணும் என் சொல்லுக்கு ஒரு காதும் கொடுத்து நிற்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே அமர்ந்து, "சீக்கிரம் முடிங்க" என்று கண்ணாலேயே கட்டளையிடும் விழா நாயகி, என் மனைவி விமலா அவர்களே! அடியேன் திருநாவுக்கரசின் அன்பு வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கம் சொல்லியே அதில் பாதி போய்விட்டது. அண்ணே, மணியில் கை வைக்காதீர்கள். வைத்தால் பெரட்டு நின்ற அன்றைக்கு நடந்ததை நான் சொல்லமாட்டேன் என்று நினைக்க வேண்டாம், கூடுதலாகச் சொல்வேன்.

அழைப்பிதழில் என் தலைப்பு "எழுகின்ற இந்தியா, எட்டுத் திக்கும் அதன் வணிகம்". நடப்பதோ என் மனைவிக்கு வழியனுப்பு விழா. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ பின்னால் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது ஐயா, இருக்கிறது. இரண்டும் என் வீட்டில்தான் வந்து முட்டிக்கொண்டன.

ஒரு காலத்தில் இந்தியா இந்த மலாய் மண்ணுக்கு எதை அனுப்பியது? ஆளை அனுப்பியது. கப்பல் கப்பலாக ஆளை அனுப்பியது. காடு வெட்ட அனுப்பியது, கல் உடைக்க அனுப்பியது, பால் மரம் சீவ அனுப்பியது. இன்று எதை அனுப்புகிறது? மருந்தை அனுப்புகிறது, மென்பொருளை அனுப்புகிறது, மோட்டாரை அனுப்புகிறது, முடிவில் முதலாளியையே அனுப்புகிறது! என் முதுகுவலி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், இந்தியா. உறுமி மேளக்காரத் தம்பி மகேந்திரன் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளைக் குனிந்து பார்த்தேன், இந்தியா. எங்கள் வீட்டு மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்தேன், இந்தியா. கவிழ்த்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது மட்டும் உள்நாட்டு உற்பத்தி.

கைதட்டுங்கள், தவறில்லை. ஆனால் கதை இனிமேல்தான்.

விமலா வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலை போன ஆண்டு படுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். மூன்று உற்பத்தி லைன் ஓடிய இடத்தில் ஒரு லைன் ஓடியது. அதுவும் இருமி இருமி ஓடியது. மூடப்போகிறார்கள் என்று பேச்சு. விமலா ஒரு மாலை வீட்டுக்கு வந்து, பெட்டியை இறக்கித் துடைத்தாள். "ஜொகூர் போறேங்க. அங்கேர்ந்து சிங்கப்பூருக்குப் போய் வந்து வேல செய்யறாங்க. எனக்கும் கேட்டு வச்சிருக்கேன்" என்றாள். மேடையில் நெருப்பாய்ப் பேசும் எனக்கு, வீட்டில் அன்று பயமாக இருந்தது. யாரும் சிரிக்காதீர்கள். பதினெட்டு வருடம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தவள் போய்விட்டால் வீடு வீடாகவா இருக்கும்? அதோடு, எனக்குச் சோறு வடிக்கவும் தெரியாது.

அப்போதுதான் வந்தது செய்தி. குஜராத்தில் ராஜ்கோட் நகரத்தில், வாகனங்களுக்கு ரப்பர் உறுப்பு செய்யும் ஒரு கம்பெனி. உலகமெல்லாம் ஆலை வாங்குகிறதாம். நம்முடையதையும் பார்க்க அதன் டைரக்டர் வருகிறாராம். பிடித்தால் வாங்குவார், பிடிக்காவிட்டால் விமானம் ஏறி வியட்நாம் போய்விடுவார்.

எண்ணிப் பாருங்கள்! எந்த ரப்பருக்காக நம்மை ஏற்றி அனுப்பினார்களோ, அதே ரப்பருக்காக அங்கிருந்து ஒருவர் ஆலை வாங்க வருகிறார். வரவேற்க வேண்டாமா? வாழ்த்த வேண்டாமா? வாசலில் நிற்க வேண்டாமா?

நிற்க வேண்டும் என்றார் மண்டோர் அண்ணன். எப்படி நிற்பது? அங்கேதான் வந்தது வினை.

பெரியவர்களுக்குத் தெரியும், சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் விடியுமுன் எல்லாரும் வரிசையில் நிற்க, மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடுவதற்குப் பெயர் பெரட்டு. புதுத் துரை வந்தாலும் பெரட்டு நின்றுதான் முகம் காட்ட வேண்டும். தோட்டம் விற்று, மரம் சாய்த்து, அந்தச் செண்டாயான் பக்கமெல்லாம் வீடுகள் எழும்பிவிட்டன. ஆனால் அண்ணன் நெஞ்சுக்குள் அந்தப் பெரட்டுக்களம் அப்படியே இருக்கிறது. "தொர வந்தா பெரட்டு நிக்கணும் லா. அதுதான் மரியாத" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாங்களும் தலையாட்டினோம்.

ஒரே ஒரு குரல் மறுத்தது. "நான் பெரட்டு நிக்க மாட்டேன். எங்கம்மா நின்னது போதும். அவரு மெஷின் பாக்க வராரு, மொகம் பாக்க இல்ல. நான் வேலைக்குப் போறேன்." சொன்னது யார்? அதோ, இப்போது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான். அன்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஊரே நிற்கும்போது பேச்சாளன் மனைவி நிற்காவிட்டால் என் மானம் என்னாவது?

டைரக்டர் வரும் நாள் விடிந்தது. தொழிற்சாலை வாசல். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மாரியம்மனுக்குக் கட்டும் சிவப்புத் துணியில் தோரணம். மகேந்திரனின் உறுமி உறுமுகிறது. மண்டோர் அண்ணன் பழைய காக்கிச் சட்டையில் நின்று, பெயர் பெயராகக் கூப்பிடுகிறார். ஒவ்வொருவரும் கையை உயர்த்தி "இருக்கேன்!" என்று கத்துகிறோம். கறுப்புக் கார் திரும்பியது. நான் சைகை காட்டினேன். அத்தனை பேரும் முஷ்டியை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து, "வாழ்க! வாழ்க! வாழ்க!"

கார் நின்றது. ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்னாலேயே போய், திரும்பி, பறந்துவிட்டது!

ஏன்? பிற்பாடு அவரே சொன்னார். அவர் ஊரில் விடியற்காலையில் ஆலை வாசலில் ஆள் திரண்டு, சிவப்புத் துணி கட்டி, மேளம் அடித்து, கை உயர்த்திக் கோஷம் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம். வேலை நிறுத்தம்! ஒருமுறை அப்படித்தான் நாள் முழுக்க அவரை அறைக்குள்ளேயே வைத்து முற்றுகையிட்டார்களாம். "கல்யாணம் போல இருக்கு, பாஸ்" என்று மலாய்க்கார டிரைவர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். "கல்யாணத்தில் எவன் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவான்? ஓட்டு!" என்றாராம் டைரக்டர். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

அப்போதாவது நாம் சும்மா இருந்தோமா? நமக்குத்தான் விருந்தாளியை விட்டுப் பழக்கமில்லையே! "டேய், வழி தவறிட்டாரு, புடிங்கடா!" என்றார் அண்ணன். மோட்டார்கள் கிளம்பின. முன்னால் மகேந்திரன், அவன் பின்னால் உறுமியோடு ஒருவன், அடுத்த மோட்டாரில் ஆளுயர மாலையோடு அடியேன். நாங்கள் நெருங்க நெருங்க, கார் விரைகிறது. கார் விரைய விரைய, நாங்கள் "வாழ்க" என்கிறோம். பெருங்கடல் தாண்டி வந்த முதலீடு எங்கள் கண் முன்னே விமான நிலையம் நோக்கி ஓடுகிறது, ஐயா! மாலையில் இருந்த சாமந்தி பாதி என் வாய்க்குள் போய்விட்டது. அத்தனைக்கும் நடுவில் என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தத் துடைத்து வைத்த பெட்டிதான்.

சாலை விளக்கில் சிவப்பு. ஷிப்ட் பஸ்களின் நெரிசல். கார் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு மோட்டார் வந்து நின்றது. தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கூடையில் சாப்பாட்டுப் பை. விமலா! கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த தொழிற்சாலை விருந்தினர் சீட்டைப் பார்த்திருக்கிறாள். தட்டினாள். "சார், ஃபேக்டரி அந்தப் பக்கம் லா. ராங் ரோட்."

கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது. "நீங்கள் வேலை நிறுத்தத்தில் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வேல நிறுத்தமா? யாரு? எட்டு மணிக்கு என் லைன் ஓடணும், சார். நீங்களே லேட்டு, என்னையும் லேட்டாக்காதீங்க. பின்னால வாங்க."

தாய்மார்களே, தெரிந்துகொள்ளுங்கள்! தூதுவர் பேசியிருந்தால் அந்தக் கார் திரும்பியிருக்காது. அமைச்சர் பேசியிருந்தாலும் திரும்பியிருக்காது. வேலைக்கு நேரமாகிறது என்று ஒரு பெண் எரிந்து விழுந்தாள், திரும்பிவிட்டது!

ஆலைக்குள் போனார். லைன் ஓடியது. விமலா தன் போக்கில் வேலை பார்த்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நாங்கள் வாடிய மாலையோடு வாசலில் நின்றோம். வெளியே வந்தவரிடம் நடந்ததைச் சொன்னதும், மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து மண்டோர் அண்ணனிடம் கேட்டார்: "ஏன் வரிசையில் நின்றீர்கள்?"

"தொர வந்தா நிப்போம், சார்."

அவர் முகம் மாறியது. "என் அப்பாவும் மில் வாசலில் இப்படித்தான் நின்றார். நான் துரை இல்லை. எனக்கு இனி யாரும் இப்படி நிற்க வேண்டாம்" என்றார். அண்ணன் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். அண்ணே, நீங்கள் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன்.

ஆலையை வாங்கிவிட்டார்கள். மூன்று லைனும் ஓடுகிறது. ஜொகூர்ப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. நான் நிம்மதியாகச் சோற்றில் கை வைத்தேன். வைத்த அன்றே கடிதம் வந்தது! ராஜ்கோட்டில் கையுறை லைன் ஒன்று புதிதாகப் போடுகிறார்களாம். அங்கத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க இங்கிருந்து ஓர் ஆசிரியை வேண்டுமாம். யார் வேண்டுமாம்? சாலை விளக்கில் திட்டிய அம்மாதான் வேண்டுமாம்! ஆறு மாதம்!

ஜொகூருக்கு அனுப்ப அழுதவனை ஜாம்நகருக்குப் பக்கத்து ஊரான ராஜ்கோட்டுக்கு வழியனுப்ப வைத்துவிட்டது எழுகின்ற இந்தியா. வாழ்க இந்தியா! என் சோற்றுக்கு வழி சொல்லிவிட்டு வாழ்க!

சிரித்தது போதும், இதைக் கேளுங்கள். விமலாவின் பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தபோது அவரை யாரும் பெயர் கேட்டு அழைக்கவில்லை. ஆள் வேண்டும் என்றார்கள், வந்தார். கைதான் வேண்டும் என்றார்கள், கொடுத்தார். இன்று அதே இந்தியா அவர் பேத்தியைப் பெயர் சொல்லி அழைக்கிறது. கூலிக்கு அல்ல, கற்றுக்கொடுக்க! கப்பல் அடியில் அல்ல, விமானத்தில், சன்னலோரத்தில்! இதைவிட எனக்கு என்ன பெருமை வேண்டும்? விமலா, எனக்குப் பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.

கடைசியாக ஒரே விண்ணப்பம். நாளைக் காலை வேன் வரும்போது எல்லாரும் கோவில் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும் என்று அண்ணன் அறிவித்திருக்கிறார். அண்ணே, காலைப் பிடித்துக் கேட்கிறேன். வரிசை வேண்டாம். கும்பலாக வாருங்கள், கசகசவென்று வாருங்கள், கைலியோடு வாருங்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாருங்கள். பெரட்டைக் கலைத்துவிடும் உரிமை மண்டோருக்குத்தான் உண்டு. இத்தனை வருடமும் நீங்கள் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லவே இல்லை. இந்த மேடையில் இன்று சொல்லுங்கள்.

எழுந்துவிட்டார்! மைக்கை அவரிடம் நீட்டுகிறேன்...

"பெரட்டு கலைஞ்சது! எல்லாம் அவங்கவங்க வேலையப் பாருங்க... விமலா, நீ பத்திரமா போய்ட்டு வாம்மா!"

கேட்டீர்களா! இதற்கு மேல் நான் பேசினால் அது பாவம். உங்கள் பொறுமைக்கும், மணியை அடிக்க மறந்த நம் தலைவருக்கும் என் நன்றி. இலை போடுங்கள் தாய்மார்களே. அனைவருக்கும் வணக்கம்!