எதிர்நீரில் போன மிதப்பு

உச்சிப் பொழுது. காற்றே இல்லாத கடல். நம் உலாவாத் தீவின் கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரம்... அங்கே ஒற்றை வள்ளத்தில் எல்லிசன்.

இருட்டினால்தான் பயம் என்று நினைக்கிறீர்கள். இது நல்ல வெயிலில் நடந்தது. நெருங்கி உட்காருங்கள், கப்பல் வர நேரமாகும். என் தங்கை புருஷன் பாசில் கண்ணால் பார்த்தது. எல்லிசன் அவனுக்கு அக்காள் புருஷன்.

எல்லிசனின் ஒரே மகன் கிளெமென்ட். பறவைக்கோலா மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கவிழ்ந்து கிடைத்தது. ஊரே தேடிப் பார்த்துக் கைவிட்டது. பாதிரியாரும் கடைசி ஜெபத்தைச் சொல்லிவிட்டார்.

எல்லிசன் மட்டும் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். தூண்டில் நரம்பு கட்டி மீனுக்கு விடும் மிதப்புக்கட்டைகள் செதுக்கினான். லேசான மரம், உச்சியில் பறவைத் தலை, நிமிர்ந்து நிற்க அடியில் ஒரு கல். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை.

பாசிலின் அக்காள் ஹில்டா கேட்டாள்: "இப்போ யாருக்கு மீன் பிடிக்கப் போறீங்க?"

"மீனுக்கில்ல. வள்ளம் கெடச்ச எடத்துல இதுகள விடுவேன். நீரோட்டம் எங்க கொண்டுபோகுதோ, அவனையும் அங்கதான் கொண்டுபோயிருக்கும்."

"இனிமே என்னத்தக் கொண்டு வருவீங்க?"

"எது கெடச்சாலும்."

அவள் சுட்ட சேம்பங்கிழங்கை இலையில் கட்டி வள்ளத்தில் வைத்தாள். தம்பியிடம் போய், "பின்னாலயே போடா" என்றாள்.

பாசில் தன் வள்ளத்தில் தள்ளியே போனான். எல்லிசன் விட்ட மிதப்புகள் வரிசையாக, தலையாட்டிக்கொண்டு மேற்கே நகர்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. தூண்டில் முள்ளும் இல்லை, இரையும் இல்லை, வெறும் நரம்புதான் அதில் தொங்கியது... அது மெல்லத் திரும்பி, நீரோட்டத்துக்கு எதிரே, கிழக்கே போனது.

எல்லிசன் துடுப்பை வலித்தான். நெருங்கினால் நகர்ந்தது. நின்றால் நின்றது. கரை மறைந்துவிட்டது. பாசில் கத்திப் பார்த்தான். அவன் திரும்பவே இல்லை.

பிறகு ஒரு வாடை. நடுக்கடலில்... புதிதாக வெட்டிய மண்ணின் வாடை. பாசிலின் வள்ளத்துக்கு அடியில் ஒரு சத்தம். டொக்... டொக்... நகத்தால் தட்டுவதுபோல.

பாசில் அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது, எல்லிசன் அந்த மிதப்பின் நரம்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். நரம்பு விறைத்து, நேராகக் கீழே இறங்கியது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது. தண்ணீரைப் பார்த்து ரகசியம்போலப் பேசிக்கொண்டிருந்தான்.

"நீ மேல வா, ராசா... நான் எறங்கிக்கிறேன்."

"மச்சான், விட்ருங்க. சுறாவா இருக்கும்."

"சுறா 'அப்பா'ன்னு கூப்பிடுமாடா?"

பாசில் நரம்பைத் தொட்டான். கீழேயிருந்து ரெண்டு இழுப்பு. பலமாக இல்லை. குழந்தை சட்டையைப் பிடித்து இழுக்கும் பாருங்கள்... அப்படி.

கத்தியை எடுத்து அறுத்துவிட்டான்.

எல்லிசனின் வள்ளம் சட்டென்று லேசாக எழும்பியது. யாரோ இறங்கிப் போனால் எழும்புமே, அதுபோல. ஆனால் எல்லிசன் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்... யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல. பாசில்தான் அந்த வள்ளத்தையும் கட்டி இழுத்துக் கரை சேர்த்தான்.

ஹில்டா அவனை உட்காரவைத்து, காயத்தைக் கழுவிக் கட்டினாள். கிழங்கும் மீனும் வைத்தாள். தட்டு நிறையச் சாப்பிட்டான். அவளுக்கு உயிர் வந்தது. 'இவராவது பிழைத்துக்கொண்டார்' என்று தம்பியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பொழுது சாய்ந்தது. அவன் வாசலில் போய் நின்றான். வெகு நேரம் கடலையே பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டான்:

"அம்மா... அப்பா இன்னும் வரலையா?"